வாங்கி வைத்துக்கொள்கிற நூலகம்

கேள்வி: ஐயா, ராயபுரத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் நடுவில் ஒரு கிளை நூலகத்தில் நூலகராக இருக்கிறேன். வந்து இரண்டு வருடம் ஆகிறது. காலையில் பேப்பர் படிக்கப் பெரியவர்கள் வருகிறார்கள். அப்புறம் நாள் முழுக்கப் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள். இவர்களைத் தாண்டித் தெருவில் இருக்கிற யாரும் உள்ளே வருவதில்லை. மீன் விற்கிற அம்மாக்கள் மத்தியானம் எங்கள் வாசல் நிழலில் உட்கார்ந்து இளைப்பாறுகிறார்கள், ஒருநாளும் படியேறியதில்லை. வெளிநாட்டுப் பொது நூலகங்களில் ‘ஸீன்’ என்று, மக்களே எழுதி ஜெராக்ஸ் எடுத்த சின்னச் சின்ன இதழ்களைச் சேர்த்து வைக்கிறார்களாம். அதை வைத்தே அக்கம்பக்கத்தாரை உள்ளே கொண்டுவருகிறார்கள் என்று படித்தேன். இங்கே அது நடக்குமா? அப்படிப்பட்ட இதழ்களை எங்கே வாங்குவது? எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது? யாராவது ஏடாகூடமாக எழுதிவிட்டால் என்ன செய்வது? செலவுக்கு எங்கே போவது?
— ஒரு கிளை நூலகர், வட சென்னை

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். நூலகத் துறையில் முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதில் பாதிக்கு மேல் வட சென்னைக் கிளைகளில்தான் போனது. நீங்கள் கேட்டது ஐந்து கேள்வி. ஆனால் என் மனசு போய் நின்றது அந்த வாசல் நிழலில். நம் கட்டடத்தின் நிழல் அந்த அம்மாக்களுக்குப் பயன்படுகிறது, கட்டடம் பயன்படவில்லை. ஒரு நூலகர் இதைக் கவனித்து, மனசில் வைத்து, கடிதமும் எழுதியிருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். நடக்கும். ஆனால் ‘எங்கே வாங்குவது’ என்ற கேள்வியை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். வெளியூர் இதழ்களை வாங்கி வந்து அடுக்கினால் இருக்கிற அலமாரிகளோடு இன்னொரு அலமாரி சேரும், அவ்வளவுதான். உங்கள் தெருக்காரர்கள் உங்கள் நூலகத்தில் உட்கார்ந்து அவர்கள் கையால் செய்தது எதுவோ, அதுதான் அவர்களை உள்ளே கூட்டி வரும். இத்தனை வருடமும் நாம் கொடுக்கிற இடமாக மட்டுமே இருந்துவிட்டோம். புத்தகம் கொடுக்கிறோம், பேப்பர் கொடுக்கிறோம், உட்கார இடம் கொடுக்கிறோம். அந்தக் கூடைக்கார அம்மாவிடமிருந்து நாம் எதையும் வாங்கி வைத்துக்கொண்டதில்லை. வாங்கி வைக்கும்படியாக அவரிடம் ஏதோ இருக்கிறது என்று நினைத்ததுகூட இல்லை.

‘ஸீன்’ என்பது மேகஸீன் என்ற சொல்லின் பின்பாதி. 1930 வாக்கில் அமெரிக்காவில் அறிவியல் புனைகதை ரசிகர்கள் தங்களுக்குள் சுற்றுக்கு விட்ட இதழ்களில் தொடங்கியது. 1940-இல் அதற்கு ‘ஃபேன்ஸீன்’ என்று பெயர் விழுந்தது. ஜெராக்ஸ் கடைகள் பெருகிய பிறகு இசை ரசிகர்கள், பெண்கள், வேலையில்லாத இளைஞர்கள் என்று பலரும் கையில் எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டிப் பொது நூலகம் 1990-களிலேயே இவற்றுக்குத் தனி இடம் ஒதுக்கியது. நியூயார்க்கில் பர்னார்ட் கல்லூரி நூலகம் 2003-இல் பெண்கள் எழுதிய இதழ்களைச் சேர்க்க ஆரம்பித்தது. இதற்குமேல் வெளிநாட்டுக் கதை நமக்கு வேண்டாம். நம்மிடமே இருக்கிறது. எழுதுகிறவர்களில் பலர் பள்ளிக்கூட நாளில் ஒரு கையெழுத்துப் பத்திரிகையாவது நடத்திப் பார்த்தவர்கள்தான். அதனால் இனி நான் கையிதழ் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

உங்கள் நூலகத்திலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம் போனால் பூக்கடை. அந்தப் பார்க் டவுன் பக்கத்தில், குஜிலி என்று சொல்கிற சாயங்காலக் கடைத்தெருவில்தான் நூறு வருடத்துக்கு முன்னால் காலணா, அரையணா, ஓரணாவுக்குப் பாட்டுப் புத்தகம் விற்றார்கள். மட்டமான தாள், எட்டுப் பக்கம் பதினாறு பக்கம். ரயில் கவிழ்ந்தால் ஒரு பாட்டுப் புத்தகம், வெள்ளம் வந்தால் ஒன்று, கொலை நடந்தால் ஒன்று. 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்துமேல் குண்டு போட்டுவிட்டுப் போனதே, அதற்கும் வந்தது. பகத்சிங்கைப் பற்றி வந்ததைப் பிரிட்டிஷ் சர்க்கார் தடை செய்தது. படித்தவர்கள் அன்றைக்கு அவற்றைக் கையால் தொடவில்லை, நூலகங்கள் வாங்கவும் இல்லை. ரோஜா முத்தையாவைப் போல ஒருசிலர் தங்கள் பிரியத்தால் சேர்த்து வைத்ததால்தான் இன்றைக்கு ஆராய்ச்சிக்காரர்கள் உட்கார்ந்து படிக்கிறார்கள். நம் துறையில் இருக்கிற ஒவ்வொருவரும் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

நான் அதை நினைவில் வைத்துக்கொள்ளாமல் செய்த ஒரு தப்பையும் உங்களிடம் சொல்ல வேண்டும். 1990-களின் கடைசியில் புளியந்தோப்புப் பக்கம் ஒரு கிளையில் இருந்தேன். பின்னி மில் என்று எல்லாரும் சொல்கிற பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் 1996-இல் மூடியாகிவிட்டது. ஒரு முழுப் பரீட்சை லீவில், மில் ஆட்களின் பிள்ளைகள் நாலு பேர் ஒரு கையெழுத்துப் பத்திரிகை கொண்டு வந்து என் மேசைமேல் வைத்தார்கள். கோடு போட்ட நோட்டுத் தாள், நடுவில் சாக்குத் தைக்கிற நூலில் தையல். அப்பாக்களிடமும் தாத்தாக்களிடமும் கேட்டு எழுதியிருந்தார்கள். சங்கு எத்தனை மணிக்கு ஊதும், தறி ஓடுகிற சத்தத்தில் ஆட்கள் எப்படி ஜாடையிலேயே பேசிக்கொள்வார்கள், சாப்பாட்டுத் தூக்கில் எந்தக் கிழமை என்ன இருக்கும் என்றெல்லாம். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்த மில் அது. திரு.வி.க., வாடியா பெயரெல்லாம் புத்தகங்களில் இருக்கிறது. அந்தச் சாப்பாட்டுத் தூக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நான் அதை ஒரு வாரம் வாசகர் மேசையில் வைத்திருந்தேன். விலை இல்லை, பதிப்பகம் இல்லை, பதிவேட்டில் ஏற்ற வழி தெரியவில்லை. பழைய பேப்பர் எடைக்குப் போட்ட நாளில் அந்தக் கட்டோடு அதுவும் போய்விட்டது. பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து அந்த நாலு பேரில் ஒருவர் நான் அப்போதிருந்த கிளையைத் தேடிக்கொண்டு வந்தார். கூடவே அவர் மகள். ‘சார், அது இருக்கா? அப்பா போயிட்டாரு. அவர் சொன்னதை எழுதினது அது ஒண்ணுதான்’ என்றார். அந்தப் பெண்ணின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து யார் எதைக் கொண்டு வந்து கொடுத்தாலும் வாங்கி ஒரு பெட்டியில் வைத்து, பெயரும் தேதியும் எழுதி வைத்தேன். எனக்குத் தெரிந்த கையிதழ்த் தொகுப்பு வேலை அங்கேதான் தொடங்கியது.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் கூட்டத்தை உள்ளே வைக்காதீர்கள். வாசல் நிழலிலேயே வையுங்கள். இரண்டு பாய், ஒரு மர ஸ்டூல், முப்பது ஏ4 தாள், கறுப்பு மை பேனா பத்து, ஒரு கத்தரிக்கோல் போதும். 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போன துறை நம்முடையது. நாலு படி இறங்குவது பெரிய விஷயமில்லை.

மூன்று வருடத்துக்கு முன் தண்டையார்பேட்டையில் ஒரு வாசகர் வட்டத்தில் நான் செய்ததைச் சொல்கிறேன். சனிக்கிழமை மத்தியானம். ஏழாவது படிக்கிற ஒரு பெண், பாட்டியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பாட்டி காசிமேட்டில் மீன் எடுத்து நாற்பது வருடமாகக் கூடையில் விற்றவர். எழுதத் தெரியாது. ‘எனக்கு இன்னாத்துக்குப்பா இதெல்லாம்’ என்றுதான் உட்கார்ந்தார்.

தாளைப் படுக்கைவாட்டில் வைத்து, பாதியாக, மறுபடி பாதியாக, மறுபடி பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் வரும். மேலே நாலு, கீழே நாலு. நடுக்கோட்டில், நடுவிலிருக்கிற இரண்டு கட்டத்தின் அகலத்துக்கு மட்டும் ஒரு வெட்டு. இனி நீளவாக்கில் மடித்து இரண்டு பக்கத்திலிருந்தும் உள்ளே தள்ளினால் வெட்டு வாய் திறந்து கூட்டல் குறி மாதிரி நிற்கும். அப்படியே சுற்றி மடித்தால் எட்டுப் பக்கப் புத்தகம். பின் வேண்டாம், பசை வேண்டாம். எழுதும்போது கீழ் வரிசையின் வலது ஓரம் முதல் பக்கம், அதாவது அட்டை. அதற்கு நேர் மேலே இரண்டாம் பக்கம். மேல் வரிசையிலேயே இடப்பக்கமாகப் போனால் மூன்று, நாலு, ஐந்து. அப்புறம் கீழே இறங்கி இடது ஓரத்திலிருந்து ஆறு, ஏழு, எட்டு. மேல் வரிசை நாலும் தலைகீழாக இருக்க வேண்டும். இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் மடித்து முடித்துவிட்டாள். பாட்டி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘ஒரே காயிதம்தானா இது?’ என்று இரண்டு தடவை கேட்டார்.

அப்புறம் பாட்டி சொல்லச் சொல்லப் பேத்தி எழுதினாள். அட்டையில் ‘மீன் வாங்கத் தெரியுமா?’ இரண்டாம் பக்கத்தில் ஒரு பெரிய மீன் கண். கீழே, ‘கண்ணு பளபளன்னு முன்னால நிக்கணும். குழி வுழுந்திருந்தா வாணாம்.’ மூன்றாம் பக்கம், ‘செவுளைத் தூக்கிப் பாரு. ரத்தச் செவப்பு இருந்தா எடு.’ நாலாம் பக்கம், ‘வெரலால அமுக்கு. பள்ளம் உடனே எழும்பணும்.’ ஐந்திலும் ஆறிலும் சங்கராவை எப்படி ஆய்வது, நெத்திலியை எப்படிக் கிள்ளுவது என்று படம். ஏழாம் பக்கத்தில் பாட்டி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார், ‘எழுதிக்கோ. பேரம் பேசு. ஆனா கூடைக்காரிய அடிச்சுப் பேசாத. அவ ரெண்டு மணிக்கு எழுந்தவ.’

இருபது பிரதி ஜெராக்ஸ் எடுத்தோம். ஒரு பக்கம் இரண்டு ரூபாய், மொத்தம் நாற்பது ரூபாய். ஒன்றை நூலகத்துப் பெட்டியில் வைத்தபோது பாட்டி, ‘இத இங்கியே வெச்சுப்பீங்களா? தூக்கிப் போட மாட்டீங்களே?’ என்று கேட்டார். வைத்துக்கொள்வோம் என்றேன். அடுத்த வாரம் இன்னும் இரண்டு கூடைக்கார அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார், அது அங்கே இருக்கிறதா என்று காட்டுவதற்கு. படியேறி, செருப்பைக் கழற்றிவிட்டு, நேராகப் பெட்டிக்குப் போனார்கள். உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான்.

இரண்டு சின்ன விஷயம், அனுபவத்தில் வந்தது. பென்சிலும் வெளிர் நீலமும் ஜெராக்ஸில் சரியாக விழாது, கறுப்பு மைதான் நல்லது. தாள் ஓரத்தில் அரை சென்டிமீட்டர் எப்போதும் வெட்டுப்படும், அதனால் ஓரம் வரை எழுதவிடாதீர்கள். ஒரு அம்மாவின் கையெழுத்துப் பெயர் இப்படிப் பாதியாக விழுந்துவிட்டது. மறுபடி எடுத்துக் கொடுத்தும் அவர் முகம் தெளியவில்லை.

யாரை அழைப்பது என்பதைக் காலம் பார்த்து முடிவு செய்யுங்கள். நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும், ஆட்கள் வலை பின்னிக்கொண்டும் படகுக்குச் சாயம் அடித்துக்கொண்டும் இருப்பார்கள். கை வேலையில் இருக்கும், வாய் ஓய்வாக இருக்கும். பள்ளிக்கூடமும் லீவு. பிள்ளைகள் எழுத, அப்பாக்கள் சொல்ல, அதைவிட நல்ல நேரம் வருடத்தில் கிடையாது. காற்றுக்கு வாடை, கச்சான், கொண்டல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நீரோட்டத்துக்கு வன்னி, தெண்டி. எந்தக் காற்றில் எந்த மீன் படும் என்று ஒரு பெரியவருக்குத் தெரிந்ததை எட்டுப் பக்கத்தில் அடக்க முடியாது. ஒரு வரிசையாகவே போகலாம்.

கடலை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் வியாசர்பாடிப் பக்கம் இருக்கின்றன. அத்தோவையும் மொய்ங்காவையும் தள்ளுவண்டியில் எல்லாரும் சாப்பிடுகிறோம். கப்பலில் எதை எடுத்து வந்தார்கள், எதை விட்டு வந்தார்கள் என்று கேட்டு எழுதினவர்கள் குறைவு. கேரம் நம் தெருக்களின் விளையாட்டு. 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் தங்கம் வாங்கி வந்த காசிமா புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பெண். உங்கள் ஏரியா கேரம் கிளப் பிள்ளைகளிடம் ஸ்ட்ரைக்கரைப் பிடிக்கும் விதத்தைப் படம் போடச் சொல்லிப் பாருங்கள், பேப்பர் போதாது. கானா பாடுகிறவர்களிடம் பாட்டு நோட்டு இருக்கும். ஆனால் அது அவர்கள் பிழைப்பு. அதிலிருந்து ஒரு பாட்டை எடுப்பதற்கும் அவர்கள் வாயால் சம்மதம் வாங்குங்கள். தெலுங்கும் உருதும் பேசுகிற வீடுகள் உங்கள் பக்கம் நிறைய. அவர்கள் மொழியிலேயே செய்யட்டும். தமிழில் இருந்தால்தான் வைப்பேன் என்று சொல்லிவிடாதீர்கள்.

போட்டித் தேர்வுப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பல நூலகர்கள் அவர்களைப் பாரமாக நினைக்கிறார்கள், அது தப்பு. நாள் முழுக்க நம் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற உறவு அவர்களோடுதான். குரூப் நாலு தேர்வை மூன்று தடவை எழுதியவரிடம் சொல்வதற்கு எவ்வளவோ இருக்கும். அதோடு நல்ல கையெழுத்துக்காரர்கள், எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க அவர்களைவிட யார் கிடைப்பார்கள்? வாரம் ஒரு மணி நேரம் கேளுங்கள். எனக்கு யாரும் மறுத்ததில்லை.

இனி பதிவேடு. இங்கேதான் நம் ஆட்கள் பயப்படுகிறார்கள், பயம் நியாயமானதும்கூட. கையிதழை நூல் இருப்புப் பதிவேட்டில் ஏற்றாதீர்கள். ஏற்றினால் ஒவ்வொன்றுக்கும் எண் வரும், இருப்புச் சரிபார்ப்பில் ஒன்று குறைந்தாலும் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். எட்டுப் பக்கத் தாளைப் பூட்டிவைத்துக் காவல் காக்க ஆரம்பித்தால் அதன் உயிர் போய்விடும். வாசகர் வட்டக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டு, தலைவரிடம் கையெழுத்து வாங்கி, வாசகர் வட்டத்தின் தொகுப்பாக வையுங்கள். மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதி முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். அதில் ஸீன் என்ற சொல்லே வேண்டாம், ‘உள்ளூர் மக்களின் கையெழுத்து இதழ்கள், பார்வைக்கு மட்டும்’ என்று எழுதினால் யாருக்கும் புரியும். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழா வருகிறது, அப்போது ஒரு கொடிக்கயிறு கட்டி இவற்றைத் துணி கிளிப்பில் தொங்கவிடுவதாகக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

தனியாக ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, தலைப்பு, எழுதியவர் தன் பெயரை எப்படிப் போடச் சொல்கிறார், தெருப் பெயர் போடலாமா, பிறருக்கு ஜெராக்ஸ் கொடுக்கலாமா, இணையத்தில் ஏற்றலாமா. கடைசி இரண்டுக்கும் ‘சரி’ அல்லது ‘வேண்டாம்’, பக்கத்தில் கையெழுத்தோ கைநாட்டோ. இதில் அவசரப்படாதீர்கள். நாற்பது பேர் படிப்பார்கள் என்று நினைத்து ஒரு பெண் தன் வீட்டுக் கதையை எழுதியிருப்பார். அதை ஸ்கேன் பண்ணி நெட்டில் போட்டால் ஊரே படிக்கும். அமெரிக்காவில் இந்த வேலை செய்கிற நூலகர்கள் கூடி 2015-இல் ஒரு நெறிமுறை எழுதி வெளியிட்டார்கள். எழுதியவருடைய சம்மதமும் அந்தரங்கமும்தான் அதில் முக்கியமாக வலியுறுத்தப்படுகிறது. எழுதியவர் எப்போது வந்து ‘இதை எடுத்துவிடுங்கள்’ என்றாலும் காரணம் கேட்காமல் எடுத்துவிட வேண்டும் என்பது என் வழக்கம். மூலப்பிரதி எப்போதும் எழுதியவருக்கே. நமக்கு மூன்று ஜெராக்ஸ் பிரதி போதும். ஒன்று பெட்டியில் பத்திரமாக, ஒன்று எல்லாரும் தொட்டுப் படிக்க, ஒன்று வேறு கிளைக்கு அனுப்பி மாற்றிக்கொள்ள. கொடுங்கையூரில் எழுதியது திருவொற்றியூரில் படிக்கப்பட வேண்டும்.

சட்டம் ஒன்று உண்டு. 1867-ஆம் வருடத்துப் பத்திரிகைப் பதிவுச் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் புதுச் சட்டம் வந்து, 2024 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது. பொதுச் செய்தியோ அதன்மேல் கருத்தோ தாங்கித் தொடர்ந்து வருகிற இதழுக்குப் பதிவு கேட்கிற சட்டம் அது. அதனால் ஒரே பெயரில் மாதா மாதம் செய்தி இதழ் என்று ஆரம்பிக்க வேண்டாம். ஒவ்வொன்றும் தனிப் பெயரில், தனி ஆளின் கையில், ஒரு தடவை வருகிற வெளியீடாக இருக்கட்டும். விலை போடாதீர்கள். நம் சிற்றிதழ்க்காரர்கள் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று ஒரு வரி போடுவார்கள், அதையும் போட்டுக்கொள்ளலாம்.

ஏடாகூடமாக எழுதினால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். எது ஏடாகூடம் என்பதை முதலில் நமக்குள் பேசிக்கொள்ள வேண்டும். கோபம் ஏடாகூடம் ஆகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தது. மீன்பிடிக்கிற ஆட்களே படகில் போய், குவளையாலும் வாளியாலும் எண்ணெயை அள்ளினார்கள். அந்தக் கை எத்தனை நாள் நாறியது, வலை என்ன ஆனது என்று ஒருவர் சுடச்சுட எழுதிக் கொண்டு வந்தால், அதை வாங்கி வைப்பது நம் கடமை. தான் பட்டதை எழுதுகிறவரைத் தடுக்க நமக்கு உரிமை இல்லை. நான் வாங்க மறுப்பது மூன்றே மூன்று. சாதியையோ மதத்தையோ வைத்து இன்னொருவரை இழிவாகப் பேசுவது, பக்கத்து வீட்டுக்காரர் பெயரைப் போட்டு ஏசுவது, கட்சி நோட்டீஸ். சிறு பிள்ளைகளின் முழுப் பெயரும் பள்ளிக்கூடப் பெயரும் சேர்ந்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இவற்றை ஒரு அட்டையில் எழுதி மேசைமேல் வைத்துவிட்டால் வாக்குவாதம் வராது.

மொழியைத் திருத்தாதீர்கள். கையெடுத்துக் கேட்கிறேன். ‘இன்னா’ என்று எழுதியதை ‘என்ன’ ஆக்குவதற்கு நம் கை தானாகப் போகும், ஆசிரியர்கள் கூட இருந்தால் இன்னும் வேகமாகப் போகும். ஒரு தடவை அப்படித் திருத்திக் கொடுத்ததை வாங்கிப் பார்த்த ஒரு அண்ணன், ‘இது நான் பேசினது இல்ல சார்’ என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். வட சென்னையைப் பற்றி மற்றவர்கள் எழுதியும் படம் எடுத்தும் நிறைய வந்தாகிவிட்டது, பாதிக்கு மேல் கத்தியும் அடிதடியும்தான். இங்கே வாழ்கிறவர் தன் வாயால் சொல்வது, சொன்னபடியே இருக்க வேண்டும். எழுத்துப்பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

பாதுகாப்பு விஷயத்தில் கடற்காற்றை மறந்துவிடாதீர்கள். உங்கள் கட்டடத்தில் இரும்பு ஸ்டேப்ளர் பின் இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். எட்டுப் பக்க மடிப்புக்குப் பின் தேவையில்லை. பெரிய இதழ் என்றால் நடு மடிப்பில் மூன்று ஓட்டை போட்டு நூலால் தையுங்கள். நடு ஓட்டையில் உள்ளேயிருந்து வெளியே, மேல் ஓட்டையில் உள்ளே, கீழ் ஓட்டையில் வெளியே, மறுபடி நடு ஓட்டை வழியாக உள்ளே வந்து ஒரு முடிச்சு. செலோடேப் வேண்டாம், மஞ்சளாகிப் பிசுபிசுக்கும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். காலணி வாங்கிய அட்டைப் பெட்டி போதும், இராமபாணப் பூச்சி வராமல் இருக்க மாதம் ஒருமுறை திறந்து காற்றாட விடுங்கள். வகைப்பாட்டு எண் எதுவும் ஒட்ட வேண்டாம். கடல், சாப்பாடு, விளையாட்டு, பாட்டு, வேலை, எங்க தெரு என்று அட்டை எழுதிப் பிரித்து வையுங்கள். தேடி வருகிறவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

செலவு பெரிதில்லை. தாளும் பேனாவும் ஜெராக்ஸும் சேர்ந்து ஒரு கூட்டத்துக்கு இருநூறு முந்நூறு ரூபாய்க்குள் முடியும். வாசகர் வட்டம் தரலாம், தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரர் முதல் இருபது பிரதியைச் சும்மாவே எடுத்துத் தருவார், கேட்டுப் பாருங்கள். எழுதுகிறவர்களிடம் மட்டும் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். 1948-ஆம் வருடத்து நூலகச் சட்டம் வந்த காலத்திலிருந்து வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டி வருகிற ஊர் இது. நமக்குச் சேர வேண்டியதை மக்கள் ஏற்கனவே கட்டியாகிவிட்டது.

எத்தனை பேர் வந்தார்கள் என்று மேலே இருந்து கணக்குக் கேட்பார்கள். வருகைப் பதிவைக் காட்டுங்கள். உங்களுக்கென்று வேறொரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு இன்னொருவர் எழுதிக் கொண்டு வந்தாரா என்பது. இதற்காகவே நான் எட்டாம் பக்கத்தைக் காலியாக விடச் சொல்வேன். படிக்கிறவர் அதில் எழுதலாம். மீன் பாட்டியின் இதழில் எட்டாம் பக்கத்தில் யாரோ பேனாவால், ‘கடம்பா பத்தி ஏன் சொல்லல?’ என்று எழுதியிருந்தார்கள். பேத்தி அதைப் படித்துக் காட்டியதும் பாட்டி அன்றைக்கே உட்கார்ந்து கடம்பாவுக்குத் தனியாக ஒன்று சொன்னார்.

ஏப்ரல் 15-க்கு முன்னால் அனுமதிக் கடிதத்தை அனுப்பிவிடுங்கள், தடைக்காலத்தை விட்டுவிடக் கூடாது. மத்தியானம் மூன்று மணிக்குப் பாயை விரியுங்கள், அவர்கள் அந்த நேரத்துக்குத்தான் கூடையை இறக்கி வைப்பார்கள். முதல் இதழ் வந்ததும் எனக்கு ஒரு பிரதி தபாலில் அனுப்புங்கள், போட்டோ எடுத்து அனுப்ப வேண்டாம். மடித்த தாளாகவே என் பெட்டியில் வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மூத்த நூலகர்